புயல்பாய் வாங்க வந்தவர்கள்

பாய் தைக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: காற்று அடிக்கிற நாளில் ஒருவரும் வரமாட்டார்கள், அடித்து ஓய்ந்த மறுநாள் எல்லாரும் ஒன்றாக வருவார்கள்.

பாய் என்றதும் படுக்கிற பாயை நினைக்காதீர்கள். நான் தைப்பது பாய்மரப் படகுகளின் பாய். மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே, வெஸ்டர்ன்போர்ட் குடாவின் கரையில் எங்கள் தையல்கூடம் இருக்கிறது. கிரான்பர்னில் என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். பாய்மரத்துக்கு முன்னால், படகின் மூக்குப் பக்கம் ஏற்றுகிற முக்கோணப் பாய்க்கு முன்பாய் என்று பெயர். சாதாரணக் காற்றுக்குப் பெரிய முன்பாய் போதும். கடுங்காற்றுக்கு வேறு ஒன்று வேண்டும்: இரட்டைக் கட்டில் விரிப்பளவு, ஆனால் தோல்போலத் தடித்த துணியில். அதுதான் புயல்பாய். எது வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்படி ஏற்றுவது என்று வருகிறவர்களுக்குத் தெரிவு செய்து கொடுப்பது என் வேலை. நீங்கள் பல் கட்டுகிறவராக இருந்தாலும் சரி, கூரை போடுகிறவராக இருந்தாலும் சரி, வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிய அனுபவம் இருந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்கு உடனே விளங்கும்.

பிளவுஸ்காரியின் பரீட்சை

இந்த வேலைக்கு வருமுன் நோபல் பார்க்கில் வீட்டிலிருந்தபடி ஐந்து வருடம் சேலைப் பிளவுஸ் தைத்தேன். பெரிய மெஷின் ஓட்டத் தெரிந்த ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் பார்த்து வந்தபோது, இங்கே முதலாளி கிரெக் தரையில் குந்தியிருந்து ஏதோ வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் மேசையே இல்லை. தரைதான் மேசை. மெஷின்கள் தரையோடு தரையாகக் குழிக்குள் இருந்தன. கிரெக் ஒரு ஆரஞ்சுத் துணியின் மூலையை என்னிடம் தந்து, மூன்று வரிசை தைத்துக் காட்டச் சொன்னார்.

என் கைவேலை எல்லாவற்றையும் காட்டினேன். நூல் முனை வெளியே தெரியவில்லை, வரிசை கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. கிரெக் அதை வாங்கி, ஒரு பக்கத்தைக் கம்பியில் மாட்டி, மறுபக்கத்தைக் குறட்டால் பிடித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் தைத்த பிளவுஸை ஒருவரும் குறட்டால் இழுத்துப் பார்த்ததில்லை. தையல் பிரியத் தொடங்கியது. வேலை இல்லை என்று நினைத்துக் கைப்பையை எடுத்தேன். அவர் இன்னொரு மூலையை நீட்டினார்.

"இது அழகாக இருக்கத் தேவையில்லை. இதை நம்பி ஒரு மனிதன் வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான்."

சுருட்டினால் சின்னதாகும்

கொலின் ஓய்வுபெற்ற குழாய்வேலைக்காரர். அவருடைய படகில் பெரிய முன்பாய் ஒன்று, கயிற்றை இழுத்தால் சுருளுகிற மாதிரியானது. காற்று கூடினால் பாதியைச் சுருட்டிவிடுவேன், பாய் சின்னதாகிவிடும், பிறகு புயல்பாய் எதற்கு என்று கேட்டார். இதை எனக்குச் சொன்ன முதல் ஆள் அவரல்ல. ஜன்னல் திரைத்தடி ஒன்றில் பழைய கட்டில்விரிப்பைப் பாதிவரை சுருட்டிக் காட்டினேன். நடுவில் தொந்தி விழுந்தது. பாதி சுருட்டிய பெரிய பாயும் அப்படித்தான், அளவு குறையும், தொந்தி குறையாது, தொந்தி விழுந்த பாய் படகை முன்னுக்கு இழுக்காமல் பக்கவாட்டில் சரிக்கும். தவிர, அந்தத் துணி மென்காற்றுக்கு நெய்தது. இவ்வளவையும் சொன்னேன். அவர் சிரித்து, நாற்பது வருடம் தண்ணீரோடு வேலை செய்தவன் நான் என்றார். அது குழாய்த் தண்ணீர் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு தெற்குக் காற்றுக்கு மறுநாள், அதே பாயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். சுருளின் ஓரத்தோடு மேலிருந்து கீழ்வரை ஒரே கிழிசல். கையில் கட்டு. கயிறு உரசித் தோல் போயிருந்தது. நான் அளவுநாடாவை எடுத்தேன். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ சொன்னது சரி என்று உரக்கச் சொல்லிவிடாதே. இதையே சொன்ன இன்னொருத்தி வெளியே காரில் இருக்கிறாள்."

படகுக்குப் பொருந்தாத நிறம்

புயல்பாய்கள் பளிச்சென்ற ஆரஞ்சில்தான் இருக்கும். ஹெலன் என்கிற அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய படகு கருநீலம், மெத்தை உறைகள் பாலேடு நிறம், தேநீர்க் கோப்பைகள்கூடக் கருநீலம். புயல்பாயும் பாலேடு நிறத்தில் வேண்டுமென்றார். பிளவுஸ் காலத்தில் அரை முழத் துணிக்காக மூன்று கடை ஏறி இறங்கியவள் நான். அவர் படும் கவலை எனக்கு நன்றாகவே புரிந்தது. துணிப் புத்தகத்தைத் திறந்து அவரோடு சேர்ந்து கொஞ்ச நேரம் பாலேட்டைத் தேடினேன்.

பிறகு மெதுவாகச் சொன்னேன். அந்தப் பாய் மேலே நிற்கிற நாளில் கடல் முழுக்க வெள்ளை நுரையாக இருக்கும். பாலேடு நிறம் அதற்குள் கரைந்துபோகும். இந்த நிறம் உங்கள் கண்ணுக்கானதில்லை, மேலே ஹெலிகொப்டரிலிருந்து உங்களைத் தேடுகிறவரின் கண்ணுக்கானது. அவர் புத்தகத்தை மூடினார். ஒருவேளை பயமுறுத்திவிட்டேனோ என்று தண்ணீர் எடுத்துவர எழுந்தேன். அப்போது கேட்டார்.

"இதைவிடப் பளிச்சென்ற ஆரஞ்சு ஏதும் இருக்கிறதா?"

பாய் கண்ட வானிலை

வாங்கிய புயல்பாயை வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொல்வோம். ஒருவர் கொண்டுவந்ததில் பச்சைப் புல் கறையும் ஐசிங் சர்க்கரையும் ஒட்டியிருந்தன. ஒரு மூலையில் பலூன் நூல். கடலுக்கே போகவில்லையாம். பேத்தியின் ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பின்வளவில் நிழலுக்குக் கட்டியிருக்கிறார். கடுங்காற்றுக்குத் தைத்ததைக் கேக் வெட்டக் கட்டலாமா என்று கேட்டேன். அவருக்கு வெட்கமே இல்லை.

"நீ அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்க்கவில்லை."

அட்டவணையில் இல்லாத கேள்வி

கார்த்திக் ஒரு சனிக்கிழமை மனைவி மீனாவோடு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, வீடு என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. முப்பத்திரண்டு அடிப் படகு ஒன்றை வாங்கி மூன்று வருடமாக ஓட்டுகிறார். இருவரும் பாஸ் நீரிணையைக் கடந்து டாஸ்மேனியா போகத் திட்டம். நான் தமிழ் என்று தெரிந்ததும் அக்கா ஆக்கிவிட்டார். மடிக்கணினியைத் திறந்து ஒரு அட்டவணை காட்டினார். புயல்பாயில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அதில் இருந்தன. சுருட்டி வைத்த பெரிய பாயின் மேலேயே உறைபோல மாட்டுவது ஒன்று. பெரிய பாயைக் கழற்றி அதே இடத்தில் ஏற்றுவது ஒன்று. மூக்கிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி இன்னொரு கம்பி கட்டி, அதில் கொக்கிகளால் மாட்டுவது இன்னொன்று. துணியின் எடை, பரப்பு, நொட் கணக்கில் காற்றின் வேகம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, உறை மாதிரிதான் முதலிடம் என்றார்.

இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. பாராட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, காத்து முப்பத்தஞ்சு நொட் அடிக்கேக்க, படகு துள்ளேக்க, இதைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போறது ஆர்?" கார்த்திக் திரையைப் பார்த்தார். அப்படி ஒரு பத்தி அதில் இல்லை. அதுவரை கதிரையில் இருந்து எங்கள் பழைய நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மீனா, தான்தான் போவேன் என்றாள். அலை ஏறினால் கார்த்திக்குக் குமட்டும், சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் தாங்குவார்.

உடனே எல்லாம் மாறியது. மீனாவை நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, பிளவுஸுக்கு எடுப்பதுபோல அளவெடுத்தேன். முழந்தாளில் இருந்தால் கை எவ்வளவு எட்டும், எவ்வளவு பாரத்தை ஒரு கையால் இழுப்பாள், கையுறை போட்டால் எந்த அளவுக் கொக்கி திறக்கும் என்று எல்லாம் பார்த்தோம். சுருட்டிய பாயின்மேல் உறை மாட்ட இரண்டு கையும் வேண்டும், அதுவும் மூக்கின் நுனியில் நின்று. பெரிய பாயைக் கழற்றுவதென்றால் முதலில் அதை முழுதாக விரிக்கவேண்டும், அந்தக் காற்றில் அது பைத்தியக்கார வேலை. ஆகவே பின்தள்ளிய கம்பிதான் என்று முடிவாயிற்று. கொக்கிகள் ஏழு, எல்லாம் பெரியவை. கணக்கில் வந்த பரப்பில் இன்னும் கொஞ்சம் குறைத்தோம். கார்த்திக் அட்டவணையில் மீனா என்று ஒரு பத்தி சேர்த்து, எல்லாவற்றையும் திரும்பக் கூட்டினார். அப்போதும் அவருக்குத் திருப்தியில்லை, இரண்டு சதுர அடி கூட இருக்கலாமே என்றார். மீனா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்த ரெண்டு அடியையும் அவருக்கே கட்டி விட்டுடுங்க."

தலை, மூக்கு, வால்

எங்கள் கூடத்தில் ஒரு சட்டம். புயல்பாயைப் பையோடு வாங்கிக்கொண்டு யாரும் போகமுடியாது. இறங்குதுறையில் படகைக் கட்டி வைத்துக்கொண்டு, காற்றில்லாத நாளில், எங்கள் கண்முன் ஒருமுறை ஏற்றிக் காட்டவேண்டும். பலருக்கு இது அவமானமாக இருக்கும். பக்கத்துப் படகுக்காரர்கள் தேநீரோடு வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மீனா ஏற்றியபோது பாய் தலைகீழாகப் போனது. ஒருவர் கை தட்டினார். மீனா அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

இது யாருக்கும் நடக்கும். மூன்று மூலையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மூலைகளில் ஆங்கிலத்தில் பெயர் எழுதித்தான் கொடுப்போம், ஆனால் அந்தப் பெயர்கள் பயத்தில் மண்டையில் ஏறாது என்றாள் மீனா. பெரிய மார்க்கரை எடுத்து மேல் மூலையில் தலை என்றும், முன் மூலையில் மூக்கு என்றும், பின் மூலையில் வால் என்றும் தமிழில் எழுதினேன். அடுத்தமுறை நாலு நிமிடத்தில் ஏற்றினாள். கிரெக் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்து அர்த்தம் கேட்டார். சொன்னேன். தாடியைச் சொறிந்துகொண்டு மார்க்கரை என் பக்கம் நீட்டினார்.

"என்னுடைய பாயிலும் எழுதித் தா. நான் அதை இரண்டு முறை தலைகீழாக ஏற்றியிருக்கிறேன். யாருக்கும் சொல்லாதே."

முப்பது நொட்

ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ளவேண்டும். பதினொரு வருடம் பாய் தைத்தும் நான் ஒருநாள்கூடப் பாய் விரித்த படகில் ஏறியதில்லை. ஒன்பது வயதில், ஊரில் சண்டை நடந்த காலத்தில், அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய வள்ளத்தில் ஒரு கடல்நீரேரியைக் கடந்தேன். அம்மாவின் சட்டையைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு. அதற்குப் பிறகு தண்ணீரோடு எனக்குத் தொடர்பு கரையிலிருந்துதான். கிரெக் இதைப்பற்றிக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

டாஸ்மேனியாப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, காற்று முப்பது நொட் அடிக்கும் என்று வானிலைச் செய்தி சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாயைக் குடாவுக்குள் சோதித்துப் பார்க்க மீனா புறப்பட்டாள். என்னையும் வரச்சொன்னாள். இல்லை என்று சொல்வதற்கு நான் தயாராக வைத்திருந்த காரணங்கள் நாலு. அவள், "நீங்க தைச்சதுதானே அக்கா" என்று மட்டும் சொன்னாள். படகோடு பிணைக்கிற பாதுகாப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு, சுக்கானுக்குப் பக்கத்தில், ஒரு இரும்பு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்தேன். அலை ஒவ்வொன்றும் வாளித் தண்ணீரை முகத்தில் எறிவதுபோல் இருந்தது. கார்த்திக் பச்சை முகத்தோடு சுக்கானைப் பிடித்திருந்தார். எங்கள் இரண்டு பேரில் யார் அதிகம் பயந்தது என்று சொல்லமுடியாது. மீனா நாலு காலில் தவழ்ந்து முன்னுக்குப் போனாள். கொக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டின. ஆரஞ்சுத் துணி மேலே ஏறியது.

ஏறியதும் பார்த்தேன், பாயின் பின்னோரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு மணிநேரம் அடித்தால் எந்தத் தையலும் நிற்காது. பாயை இழுக்கிற கயிறு போகும் கப்பி மிகவும் பின்னுக்கு இருந்தது. கயிற்றைத் தளர்த்து என்று கார்த்திக்கிடம் கத்தினேன், கப்பியை இரண்டு துளை முன்னுக்கு நகர்த்தினேன், திரும்ப இழுக்கச் சொன்னேன். ஓரம் அடங்கியது. பாய் இறுகி, வயிறு விழாமல், பலகைபோல் நின்றது. படகு துள்ளுவதை விட்டுவிட்டு ஒரு தீர்மானத்தோடு நடக்கத் தொடங்கியது. அந்தத் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு நாடா ஒட்டி அடையாளம் வைத்தேன். நிமிர்ந்தால் மீனா பக்கத்தில் இருந்தாள், முகமெல்லாம் உப்பு.

"அக்கா, அந்த வளையத்தை விட்டுட்டு நீங்க எழுந்து வந்தது உங்களுக்கே தெரியுமா?"

அசையாத புள்ளி

அவர்கள் ஒரு வியாழக்கிழமை காலை புறப்பட்டார்கள். படகு எங்கே நிற்கிறது என்று காட்டுகிற கருவி ஒன்று அவர்களிடம் இருந்தது. என் போனில் அது ஒரு நீலப் புள்ளி. வெள்ளிக்கிழமை காலை புள்ளி நீரிணையின் நடுவைத் தாண்டியிருந்தது. காற்று சனிக்கிழமை வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள், அது வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. எங்கள் கூடத்தின் தகரக்கூரை பத்து மணிக்குச் சத்தம் போடத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு புள்ளி அசையவில்லை.

கிரெக் ஒரே துண்டைத் தவறாக இரண்டு முறை வெட்டினார். நான் அந்தப் பாயை மனதுக்குள் திரும்பத் திரும்பத் தைத்தேன். மூக்கு மூலையில் எத்தனை வரிசை போட்டேன், மூன்றாவது கொக்கிக்குக் கீழே நூல் மாற்றினேனே, அந்த இடத்தில் முடிச்சு சரியாக விழுந்ததா? கரைக்காவல் ஆட்களுக்குக் கிரெக் போன் பண்ணினார். ஆபத்துக் குறி எதுவும் வரவில்லை, கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். மூன்று மணிபோல் கிரெக் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். பதினொரு வருடத்தில் அவர் எனக்குப் போட்டுத் தந்த முதல் தேநீர். வாயில் வைக்கமுடியவில்லை, முழுவதையும் குடித்தேன். வீட்டுக்குப் போனபிறகும் நாலு தெரு தள்ளி இருக்கிற அவர்கள் வீட்டைக் கடந்து இரண்டு முறை காரில் போய்வந்தேன்.

சனிக்கிழமை காலை, கூடத்தின் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. மீனா. டாஸ்மேனியாவின் வடகரையில் ஒரு ஆற்றுமுகத்தில் படகைக் கட்டிவிட்டார்களாம். சுருட்டி வைத்திருந்த துணிமேல் உட்கார்ந்துவிட்டேன். குமட்டலில் கார்த்திக் வாளியை எட்டி எடுத்தபோது அந்தக் கருவியின் வயரை இழுத்து அறுத்துவிட்டார், புள்ளி நின்றது அதனால்தான். காற்று நாற்பதைத் தாண்டியபோது பெரிய பாயை முழுதாகச் சுருட்டியிருக்கிறார்கள். பாயே இல்லாமல் படகு அலைக்குக் குறுக்கே நண்டுபோல் போயிருக்கிறது, சுக்கான் சொன்னதைக் கேட்கவில்லை. மீனா முன்னுக்குத் தவழ்ந்தாள். நாலாவது கொக்கியில் ஒரு அலை அவளை மூடியது. பட்டி பிடித்துக்கொண்டது. இருமி முடித்து ஐந்தாவதை மாட்டினாள். பாய் ஏறியதும் படகு திரும்பியது. ஒன்பது மணிநேரம் அது அப்படியே நின்றது, கார்த்திக் ஒரு கையில் சுக்கானும் மறு கையில் வாளியுமாக ஓட்டிக்கொண்டு வந்தாராம்.

எனக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "தையல் எங்கையாவது விட்டதா பிள்ளை?" கிரெக் பக்கத்தில் வந்து காதை வைத்துக்கொண்டு நின்றார், ஒரு சொல்லும் விளங்காமல். மறுமுனையில் மீனா சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"ஒரு நூல்கூட பிரியலைக்கா. இவருதான் தனித்தனியா பிரிஞ்சு கெடக்காரு, இனிமே சேர்த்துத் தைக்கணும்."

கண்ணும் முதுகும் போகத் தைத்துக் கொடுத்துவிட்டு, இது பையைவிட்டு வெளியே வரவே கூடாது என்று வாங்கினவரைவிட அதிகமாக வேண்டிக்கொள்கிற வேலை உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.